ஆயிரம் பவுண்டில் எதை அளக்கலாம்?

பல்கலைக்கழகத்தில் பாடம் எடுப்பவருக்குப் பாடம் எடுக்கக் கற்றுக்கொடுத்தால், அவரிடம் படிக்கும் மாணவர் கூடுதலாகக் கற்கிறாரா? பள்ளி ஆசிரியர்களைப் பற்றி இப்படி நேராக யாரும் கேட்பதில்லை. பயிற்சி பெறாதவர் நிரந்தர ஆசிரியராக முடியாது என்பது பல நாடுகளில் விதியாகிவிட்டது. பல்கலைக்கழகத்தில் நிலைமை வேறு. முனைவர் பட்டம் வாங்கியவருக்குக் கற்பிக்கத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை அங்கே நெடுங்காலம் கேள்வியின்றி நிலவியது.

அந்த நம்பிக்கையை அரசாங்க மட்டத்தில் அசைத்துப் பார்த்த நாடுகளில் பிரிட்டன் ஒன்று. புதிதாகச் சேரும் விரிவுரையாளர்களுக்கு ஏதாவதொரு முறையான வழிகாட்டல் வேண்டும் என்று 1964இல் ஹேல் குழு சொன்னது. அதன்பின் கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பெரிய அசைவில்லை. 1993இல் இரண்டு அமைப்புகள் இணைந்து, உயர்கல்வி ஆசிரியர் மேம்பாட்டில் ஈடுபட்டவர்களின் சங்கமான 'செடா' உருவாயிற்று. 1997இல் டியரிங் குழு தேசிய அளவில் ஓர் அங்கீகார அமைப்பைக் கோரியது. 1999இல் தொடங்கிய அந்த அமைப்பு 2004இல் உயர்கல்வி அகாதெமியாகவும், 2018இல் 'அட்வான்ஸ் எச்.இ.'யாகவும் உருமாறியது. கற்பித்தலுக்கான தொழில்முறைத் தர வரையறை 2006இல் வந்தது. 2011இலும் 2023இலும் திருத்தப்பட்டது. அதன் அடிப்படையில் 'ஃபெலோ' பட்டம் பெற்றவர்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது.

ஆக, பயிற்சி பரவிவிட்டது. அதற்குப் பலன் உண்டா என்ற விசாரணைதான் பின்தங்கியது. அந்த இடைவெளியை நிரப்பும் முயற்சிகளில் எளியது சிறு நல்கை. செடா தன் உறுப்பினர்களுக்கு வழங்கும் ஆய்வு, மதிப்பீட்டு நல்கைகள் ஆயிரம் பவுண்டு அளவிலானவை. ஏறத்தாழ ஓர் ஆண்டில் முடிக்க வேண்டிய வேலைக்கானவை. பல பல்கலைக்கழகங்களும் தமக்குள் இதுபோன்ற தொகைகளைப் பகிர்ந்தளிக்கின்றன. இவ்வளவு சிறிய பணத்தால் இவ்வளவு பெரிய கேள்விக்கு என்ன பதில் கிடைக்கும் என்பதைப் பார்க்க வேண்டுமானால், இதுவரை சொல்லப்பட்ட பதில்கள் எந்த வகையானவை என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும்.

பங்கேற்றவர் சொல்வதே சான்று

மிகப் பழைய பதில் கருத்துப் படிவம். பயிற்சி முடிந்த மாலை, தேநீருக்கும் சான்றிதழுக்கும் நடுவே அது கையில் வரும். பயனுள்ளதாக இருந்ததா, அறை வசதியாக இருந்ததா, சக ஆசிரியருக்குப் பரிந்துரைப்பீர்களா? இதற்கு ஒரு கோட்பாட்டு மரியாதையைத் தந்தவர் விஸ்கான்சினைச் சேர்ந்த டொனால்ட் கிர்க்பாட்ரிக். 1959இல் தொடங்கிய கட்டுரைத் தொடரில் தொழிற்பயிற்சியை நான்கு படிகளில் மதிப்பிடலாம் என்றார்: பங்கேற்றவரின் எதிர்வினை, அவர் கற்றது, அவர் நடத்தையில் மாற்றம், நிறுவனத்துக்குக் கிடைத்த விளைவு. 2000இல் தாமஸ் கஸ்கி இதை ஆசிரியர்களுக்கு ஏற்றபடி ஐந்து படிகளாக்கினார். ஆசிரியர் கற்றதற்கும் அதை வகுப்பில் பயன்படுத்துவதற்கும் இடையே 'நிறுவனத்தின் ஆதரவு' என்றொரு படியைச் செருகினார். உச்சியில் மாணவர் கற்றலை வைத்தார்.

பெரும்பாலான மதிப்பீடுகள் முதல் படியிலேயே நின்றுவிடுகின்றன. இவோன் ஸ்டைனெர்ட் குழுவினர் 2006இல் மருத்துவக் கல்வியில் ஆசிரியர் மேம்பாடு குறித்த 53 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பங்கேற்றவர்களின் மனநிறைவு மிக உயர்வு. அறிவிலும் நடத்தையிலும் மாற்றம் ஏற்பட்டதாக அவர்களே சொன்னார்கள். மாணவர் கற்றலோ நிறுவனமோ மாறியதா என்று தேடிய ஆய்வுகள் அரிது. பத்தாண்டு கழித்து அதே குழு மேலும் 111 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் படம் பெரிதாக மாறவில்லை.

படிவத்தை ஏளனம் செய்வது எளிது. ஆனால் நிகழ்ச்சியை நடத்துபவருக்கு அடுத்த முறை எதைத் திருத்துவது என்று சொல்ல அதுவே போதும். பல்கலைக்கழக நிர்வாகம் அதைப் பயிற்சியின் பலனுக்குச் சான்றாக ஏற்றுக்கொள்ளும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

எண்ணம் மாறினால் வகுப்பு மாறும்

1990களில் இன்னொரு பதில் வலுப்பெற்றது. கீத் ட்ரிக்வெல், மைக்கேல் பிராஸர் இருவரும் ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வுகளிலிருந்து கற்பித்தல் அணுகுமுறையை அளக்கும் வினாத்தொகுப்பு ஒன்று பிறந்தது. செய்தியைக் கடத்துவதே தன் வேலை என்று நினைக்கும் ஆசிரியர் ஒரு முனை. மாணவரின் புரிதலை மாற்றுவதே வேலை என்று நினைப்பவர் மறுமுனை. பயிற்சி ஆசிரியரை முதல் முனையிலிருந்து இரண்டாவதை நோக்கி நகர்த்துமானால் அது பலனளித்ததாகக் கொள்ளலாம் என்பது இந்தத் தரப்பின் வாதம்.

இதற்குக் கிடைத்த முதன்மையான ஆதாரம் கிரஹாம் கிப்ஸும் மார்ட்டின் காஃபியும் 2004இல் வெளியிட்ட ஆய்வு. 8 நாடுகளில் 22 பல்கலைக்கழகங்கள். பயிற்சி பெற்றவர்கள் மாணவரை மையமாகக் கொண்ட அணுகுமுறைக்கு நகர்ந்தார்கள். அவர்களுடைய மாணவர்களிடம் மேலோட்டமாகப் படிக்கும் போக்கு குறைந்தது. பயிற்சி பெறாத ஒப்பீட்டுக் குழுவினரோ மாறாமல் நின்றார்கள், சிலவற்றில் பின்னோக்கியும் போனார்கள். ஆசிரியர் மேம்பாட்டுத் துறையில் இந்த அளவு மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுகள் குறைவு. அதன் பலவீனங்கள் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை: ஒப்பீட்டுக் குழு மிகச் சிறியது, யார் பயிற்சி பெறுவது என்பது குலுக்கல் முறையில் முடிவாகவில்லை, புதியவரைப் பயிற்சிக்கு அனுப்பும் பல்கலைக்கழகமும் அனுப்பாத பல்கலைக்கழகமும் வேறு பலவற்றிலும் வேறுபடும்.

ஹெல்சிங்கியில் லீசா போஸ்டாரெஃப் குழுவினர் 2007இல் கண்டது இன்னும் சுவையானது. நீண்ட பயிற்சி, ஏறத்தாழ ஓராண்டும் அதற்கு மேலும், ஆசிரியர்களின் அணுகுமுறையை மாற்றியதாகத் தெரிந்தது. குறுகிய பயிற்சி பெற்றவர்களின் தன்திறன் நம்பிக்கை, பயிற்சியே பெறாதவர்களுடையதைவிடக் குறைவாக இருந்தது. தெரியாதது எவ்வளவு என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது ஒரு விளக்கம். அது சரியானால், ஒரு வாரப் பயிற்சி முடிந்ததும் மதிப்பிடுபவர் தோல்வியைக் காண்பார். இரண்டாண்டு கழித்து மதிப்பிடுபவர் வெற்றியைக் காண்பார். பயிற்சி ஒன்றே, ஆசிரியரும் ஒருவரே.

இந்தத் தரப்பின் மீதான கடுமையான எதிர்வாதம் நியூசிலாந்திலிருந்து வந்தது. ரூத் கேன் முதலானோர் 2002இல் எழுதிய மறுஆய்வு, ஆசிரியர் தம் கற்பித்தலைப் பற்றிச் சொல்வதை வைத்தே பெரும்பாலான ஆய்வுகள் முடிவுக்கு வந்துவிடுகின்றன, வகுப்பறைக்குள் போய்ப் பார்ப்பதில்லை என்று காட்டியது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்த மொழியையே ஆசிரியர் வினாத்தாளில் திருப்பிச் சொல்லக்கூடும். சொல் மாறியதா, செயல் மாறியதா என்று அந்த வினாத்தாள் பிரித்துக் காட்டாது.

மாணவரிடமே போய்ப் பார்ப்பது

அப்படியானால் மாணவர் கற்றலையே அளந்துவிடலாமே? நிதி தருபவர்கள் விரும்பும் பதில் இது. செய்யக் கடினமானதும் இதுவே.

மாணவர்கள் ஆசிரியருக்குத் தரும் மதிப்பெண்ணைப் பயன்படுத்துவது மலிவான வழி. ஆனால் பாப் அட்டல் குழுவினர் 2017இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, அந்த மதிப்பெண்ணுக்கும் மாணவர் உண்மையில் கற்றதற்கும் ஏறத்தாழ தொடர்பே இல்லை என்ற முடிவுக்கு வந்தது. அதில் விவாதம் தொடர்ந்தாலும், அந்த மதிப்பெண்ணைக் கற்றலின் நேரடிப் பதிலியாகக் கொள்ள முடியாது என்பதைப் பலரும் ஒத்துக்கொள்கிறார்கள்.

தேர்வு முடிவுகளை ஒப்பிடலாம் என்றால் எண்ணிக்கை இடிக்கிறது. இரண்டு குழுக்களுக்கிடையே நடுத்தர அளவு வேறுபாட்டை, அதாவது அரை திட்டவிலக்க அளவை, 80 விழுக்காட்டு வாய்ப்புடன் கண்டுபிடிக்கக் குழுவுக்கு 64 பேர் வேண்டும். வேறுபாடு ஐந்தில் ஒரு திட்டவிலக்கம் மட்டுமே என்றால் குழுவுக்கு ஏறத்தாழ 400 பேர். மாற்றப்படுபவர் ஆசிரியர் என்பதால் இங்கே எண்ண வேண்டியதும் ஆசிரியர்களைத்தான். ஒருவரிடம் 200 மாணவர் படித்தாலும் அவர் ஒருவரே. ஒரு பல்கலைக்கழகத்தில் ஓர் ஆண்டில் பயிற்சிக்கு வரும் புதிய விரிவுரையாளர்கள் சில பத்துப் பேர். அவர்களில் ஒருவர் வேதியியல், ஒருவர் செவிலியர் கல்வி, இன்னொருவர் இடைக்கால வரலாறு. இவர்களுக்குப் பொதுவான தேர்வு எது?

காலக்கணக்கும் ஒத்துவருவதில்லை. பிரிட்டனில் ஒரு விரிவுரையாளர் வசந்த காலத்தில் பயிற்சியை முடிக்கிறார். கற்றதை வைத்துத் தன் பாடத்தை மாற்றியமைக்க அடுத்த இலையுதிர் காலம் ஆகும். அந்தப் பாடத்தின் தேர்வு முடிவு அதற்கடுத்த கோடையில் வரும். 12 மாத நல்கையின் இறுதி அறிக்கை அதற்குள் ஒப்படைக்கப்பட்டிருக்கும்.

இத்தனைக்கும் நடுவே பொறுமையாகச் செய்யப்பட்ட முயற்சி அமெரிக்காவில் உண்டு. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தையும் கார்ல்டன் கல்லூரியையும் ஒப்பிட்டு, வில்லியம் காண்டன் முதலான ஐவர் 2016இல் நூலாக வெளியிட்ட ஆய்வு அது. படிவங்களையும் தேர்வுகளையும் விட்டுவிட்டு அவர்கள் ஆவணங்களைப் பிடித்தார்கள்: பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஆசிரியர் மாணவருக்குக் கொடுத்த பணித்தாள்கள், மாணவர் எழுதிக் கொடுத்த கட்டுரைகள். ஆசிரியர் கற்கிறார், பணித்தாள் மாறுகிறது, அந்த மாற்றம் மாணவர் எழுத்தில் ஓரளவு தெரிகிறது என்று படிப்படியாகக் காட்ட முயன்றார்கள். வழியில் சங்கடமான ஒன்றையும் கண்டார்கள். பயிற்சியில் அதிகம் கலந்துகொள்ளாத ஆசிரியர்களிடமும் மாற்றம் தென்பட்டது. நல்ல பயிற்சி பக்கத்து அறைக்கும் பரவுகிறது என்று இதைக் கொண்டாடலாம். ஆனால் பரவினால் ஒப்பீட்டுக் குழு என்று ஒன்றைத் தனியே வைத்திருக்க முடியாது. பயிற்சி எவ்வளவு வெற்றி பெறுகிறதோ அவ்வளவுக்குக் கட்டுப்படுத்தப்பட்ட சோதனையில் அதன் பலன் சிறியதாகத் தெரியும் என்ற முரண், இந்தத் தரப்பினர் இன்னும் சரியாகக் கையாளாத ஒன்று.

நிரூபணம் வேண்டாம், பங்களிப்பு போதும்

இந்தத் தடைகளைப் பார்த்துச் சலித்தவர்கள் கேள்வியையே மாற்றினார்கள். கனடாவின் தலைமைத் தணிக்கையாளர் அலுவலகத்தைச் சேர்ந்த ஜான் மேய்ன், ஒரு திட்டம் விளைவுக்குக் காரணமா என்பதைவிட, விளைவில் அதன் பங்களிப்பு எது என்று நியாயமாக வாதிட முடியுமா என்று பார்க்கலாம் என்றார். ரே பாசனும் நிக் டில்லியும் 1997இல், எது பலிக்கிறது என்று மட்டும் கேட்காமல் யாருக்கு, எந்தச் சூழலில், எப்படிப் பலிக்கிறது என்று கேட்கச் சொன்னார்கள். இந்த ஓட்டத்தை ஆசிரியர் மேம்பாட்டுத் துறைக்குள் கொண்டுவந்ததில் ஸ்காட்லாந்தின் வெரோனிகா பாம்பருக்குப் பெரிய பங்குண்டு. 2013இல் செடா வெளியிட்ட அவர் தொகுப்பின் மையக் கருத்து: தாக்கத்தை நிரூபிக்க முயன்று தோற்பதைவிட, ஆய்வு, மதிப்பீடு, தொழில் அனுபவம் மூன்றையும் சேர்த்து மதிப்பைக் காட்டலாம்.

ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் டோர்க்னி ராக்சோ, கட்டரீனா மார்டென்சன் இருவரும் 2009இல் எழுதியது இதற்கு வேறொரு கோணம் தந்தது. கற்பித்தலைப் பற்றி மனம்விட்டுப் பேச ஓர் ஆசிரியருக்குப் பெரும்பாலும் பத்துப் பேருக்கு மேல் இல்லை. அந்தப் பேச்சு நடப்பது மூடிய கதவுக்குப் பின்னால், நம்பிக்கைக்குரியவர்களிடம். பயிற்சியின் வாழ்வும் சாவும் அந்தச் சிறு வட்டத்தில் முடிவாகிறதென்றால், தனி ஆசிரியரை அளப்பதே தவறான அலகு.

பங்களிப்புத் தரப்பு நேர்மையானது என்பது என் மதிப்பீடு. ஆனால் அதற்குள் ஓர் ஆபத்து உண்டு. எந்தக் கண்டுபிடிப்பு வந்தால் 'இந்தப் பயிற்சி பயனற்றது' என்று ஒப்புக்கொள்வோம் என்று முன்கூட்டியே சொல்லாத மதிப்பீடு, எப்போதும் ஏதாவதொரு மதிப்பைக் கண்டுபிடித்துவிடும்.

சிறு நல்கை எங்கே நிற்கிறது

சிறு நல்கையும் பழைய விஷயமே. கல்லூரிக் கற்பித்தலை மேம்படுத்தும் முயற்சிகள் பற்றிய 71 அறிக்கைகளை 1981இல் அலசிய ஜூடித் லெவின்சன்-ரோஸ், ராபர்ட் மெங்கஸ் இருவரும், அம்முயற்சிகளை ஐந்து வகைகளாகப் பிரித்தபோது ஆசிரியர்களுக்குத் திட்டநல்கை கொடுப்பதை ஒரு தனி வகையாகவே வைத்தார்கள். பெரும்பாலான ஒப்பீடுகள் முயற்சிக்குச் சாதகமாக இருந்தன. நன்றாக வடிவமைக்கப்பட்ட ஆய்வுகளை மட்டும் எண்ணியபோது அந்தப் பெரும்பான்மை சுருங்கியது. ஆக, நல்கையே மதிப்பிடப்பட வேண்டிய ஒரு மேம்பாட்டு வழி. இன்று அதே நல்கையை மதிப்பீட்டுக்கே கொடுக்கிறோம்.

ஆயிரம் பவுண்டு எதை வாங்கும்? ஒரு மணி நேர நேர்காணலை எழுத்தாக்க நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். அப்படிப் பதினைந்து இருபது நேர்காணல்களுக்கான கூலி, அல்லது மாணவ உதவியாளர் ஒருவரின் சில வார உழைப்பு, ஒரு கருத்தரங்கப் பயணம். நல்கை பெறுபவரின் சொந்த நேரத்தை அது வாங்காது. பாடச்சுமை குறையாமல் மாலையிலும் விடுமுறையிலும் அவர் அதைச் செய்கிறார். அறநெறிக் குழுவின் ஒப்புதல் வரும்போது ஆண்டில் கணிசமான பகுதி போயிருக்கும். இந்த வரம்புக்குள் பொருந்துவது நேர்காணல் ஆய்வு. எனவே இந்தத் துறையில் நேர்காணல் ஆய்வுகள் குவிகின்றன. கேள்வியின் தன்மை பார்த்து முறையைத் தேர்ந்தார்கள் என்று இதைச் சொல்ல முடியாது.

பணத்தைப் பெருக்கினால் தீரும் என்றும் சொல்ல முடியாது. இங்கிலாந்தின் உயர்கல்வி நிதிக்குழு 2005 முதல் ஐந்தாண்டில் 74 கற்பித்தல் சிறப்பு மையங்களுக்கு 315 மில்லியன் பவுண்டு கொடுத்தது. 2011இல் வந்த இறுதி மதிப்பீடு, மையங்களுக்குள்ளும் அவற்றில் பணியாற்றியவர்களிடமும் நன்மைகளைக் கண்டது. உயர்கல்வி முழுவதிலும் தாக்கம் ஏற்பட்டதற்கான சான்று குறைவு என்றது. அதாவது, 315 மில்லியனுக்கும் ஆயிரத்துக்கும் கிடைத்த பதில்கள் வியக்கத்தக்க அளவு ஒத்திருக்கின்றன: உள்ளே இருந்தவர்கள் மாறினார்கள், வெளியே தெரியவில்லை.

சிறு நல்கையின் உண்மையான குறை தொகையில் இல்லை, சேராமையில் இருக்கிறது. ஒவ்வொருவரும் தனக்கென ஒரு வினாத்தாள், தனக்கென ஒரு பகுப்பு முறை. பத்து ஆண்டில் ஐம்பது ஆய்வுகள் வந்தாலும் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடியாது. அளவு ஒவ்வாத செங்கற்களால் சுவர் எழாது. ஷெரில் அமண்ட்சனும் மேரி வில்சனும் 2012இல் 137 கட்டுரைகளை ஒன்றாக வைத்துப் படித்தபோது, பயிற்சிகளின் நோக்கமே ஆறு வகைகளாகச் சிதறியிருப்பதைக் கண்டார்கள். ஒரே அளவுகோலால் அவற்றை ஒப்பிடுவதே பொருந்தாது என்பது அதன் உட்பொருள்.

இங்கேதான் கிப்ஸ்–காஃபி ஆய்வை மீண்டும் பார்க்கத் தோன்றுகிறது. 22 பல்கலைக்கழகங்களைச் சேர்த்தது பெரிய கண்டுபிடிப்பு முறை ஏதும் இல்லை: எல்லோரும் ஒரே கருவிகளை, ஒரே இடைவெளியில் பயன்படுத்த ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொரு இடத்திலும் சேர்ந்த தகவல் சிறியதே. நல்கை தரும் அமைப்பு பத்துப் பேருக்குப் பத்துக் கேள்விகளுக்காகப் பணம் தருவதற்குப் பதில், பத்துப் பேரும் ஒரே கேள்வியை ஒரே முறையில் கேட்பதற்குத் தந்தால் என்ன ஆகும் என்பது போதிய அளவு சோதிக்கப்படவில்லை. அப்படிச் செய்தால் விண்ணப்பிப்பவரின் சொந்த ஆர்வம் குன்றும் என்ற எதிர்வாதம் நியாயமானதே. தன் பயிற்சியைத் தானே கூர்ந்து பார்க்கக் கற்பதுதான் இந்த நல்கையின் பெரும் பயன் என்பவர்கள், பொதுக்கேள்வியைத் திணிப்பதை ஏற்கமாட்டார்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு சிக்கல், மதிப்பிடுபவரும் நடத்துபவரும் ஒருவரே என்பது. நல்கை பெறுபவர்களில் பலர் தாம் நடத்தும் பயிற்சியையே ஆராய்கிறார்கள். தாம் பணியாற்றும் ஆசிரியர் மேம்பாட்டு மையம் மூடப்படுமா, வேறொன்றுடன் இணைக்கப்படுமா என்ற கவலை பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் இவர்களுக்கு எப்போதும் உண்டு. பயன் எதுவும் தெரியவில்லை என்று முடியும் அறிக்கையை அவர்கள் எந்தத் துணிவில் எழுதுவார்கள்?

நம் பக்கம்

இந்தியாவில் 1986 கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 1987 முதல் பல்கலைக்கழக மானியக் குழு கல்விப் பணியாளர் கல்லூரிகளைத் தொடங்கியது. 2015இல் அவை மனிதவள மேம்பாட்டு மையங்களாயின. 2023இல் மாளவியா பெயர் தாங்கிய ஆசிரியர் பயிற்சி மையங்களாயின. அங்கே நடக்கும் ஓரியன்டேஷன், ரெஃப்ரெஷர் பயிற்சிகள் பதவி உயர்வுக்கு நிபந்தனை என்பதால் வருகைக்குப் பஞ்சமில்லை. எத்தனை விழுக்காடு ஆசிரியர்கள் இப்படிப்பட்ட பயிற்சிக்குப் போனார்கள் என்று உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தர அங்கீகாரம் வழங்கும் தேசிய அமைப்பான நாக் கேட்கிறது. போய் வந்தபின் வகுப்பில் என்ன மாறியது என்பதை அந்த எண் சொல்லாது. இலங்கையில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பணியாளர் மேம்பாட்டு நிலையம் நடத்திய உயர்கல்விக் கற்பித்தல் சான்றிதழ்ப் படிப்புக்குச் செடாவின் அங்கீகாரமே கிடைத்தது. தகுதிகாண் விரிவுரையாளரின் நியமனத்தை உறுதிப்படுத்த அப்படிப்பட்ட பயிற்சி தேவை என்ற விதியும் அங்கே வந்தது. கட்டாயப் பயிற்சியில் ஓர் ஆய்வு வசதி ஒளிந்திருக்கிறது. எல்லோரும் வந்தாக வேண்டும் என்றால், விருப்பமுள்ளவர் மட்டும் வந்தார் என்ற ஐயம் இல்லை. யார் இந்த ஆண்டு, யார் அடுத்த ஆண்டு என்பதைக் குலுக்கலில் விட்டால் ஒப்பீட்டுக் குழு தானாகக் கிடைக்கும். காத்திருப்போர் பட்டியல் எங்கும் இருக்கிறது. அதை ஆய்வாக மாற்ற ஆகும் செலவு ஒரு சிறு நல்கைக்குள் அடங்கும்.

தீராதவை

பயிற்சி ஆசிரியரின் எண்ணத்தையும் பேச்சையும் மாற்றுகிறது என்பதற்குச் சான்று ஓரளவு உறுதியானது. அவர் தயாரிக்கும் பணித்தாளையும் மதிப்பீட்டு முறையையும் மாற்றக்கூடும் என்பதற்குக் குறைவான, ஆனால் நம்பத்தக்க சான்று உண்டு. மாணவர் கற்றலுக்குப் போகும் கடைசித் தூரத்தில் சான்று மெலிகிறது. அந்த மெலிவு, விளைவு இல்லாததாலா அளக்க முடியாததாலா என்பதை இப்போதுள்ள ஆய்வுகள் பிரித்துச் சொல்லவில்லை. எவ்வளவு நீளமான பயிற்சி, எவ்வளவு காலம் கழித்து அளப்பது என்பதும் திறந்தே கிடக்கிறது. ஹெல்சிங்கி முடிவு வேறு மொழி, வேறு பல்கலைக்கழகச் சூழல்களில் போதிய அளவு மீண்டும் சோதிக்கப்பட வேண்டும். இணையவழிப் பயிற்சி 2020க்குப் பின் பெருகிவிட்டது; லுண்ட் ஆய்வு சுட்டிய அந்தச் சிறு பேச்சு வட்டம் திரைக்கு முன்னால் உருவாகிறதா என்பது ஆயிரம் பவுண்டுக்குள், ஒரே ஆண்டுக்குள் விசாரிக்கத்தக்க கேள்வி.